நெசவாளி யாருடைய தொழிலாளி?

புது தில்லி: நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது, இணையச் செயலி நிறுவனங்களுக்காக இருசக்கர வாகனத்தில் ஓடும் இளைஞர்களே அதிகம் பேசப்பட்டனர். அவர்களுக்கென நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை செலுத்த வேண்டும் என்கிறது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. வரவேற்கத்தக்கதே. ஆனால் கொள்ளேகாலில் தறியின்முன் அமர்ந்திருப்பவருக்கு என்ன கிடைத்தது?

1956 வரை சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தில் இருந்து, இன்று கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கும் கொள்ளேகால், பட்டுக்குப் பெயர்போன ஊர். கூலி நெசவின் நடைமுறை காஞ்சிபுரத்து வாசகருக்கும் தெரிந்ததுதான். பாவும் ஊடையும் சரிகையும் முதலாளி தருவார். சேலைக்கு இவ்வளவு என்று கூலி. நெசவில் குறை கண்டால் பிடித்தம். தறி வீட்டில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் நெசவாளி 'சுயதொழில்' செய்பவர் ஆகிவிடுகிறார்!

உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்றதில்லை. சில்வர் ஜூபிலி தையலக வழக்கில், துணிக்கு இவ்வளவு என்று கூலி பெற்ற தையற்காரர்களும் ஊழியர்களே என்று 1973-இல் கூறியது. சரியில்லாத வேலையை நிராகரித்து மறுபடியும் தைக்கச் சொல்லும் உரிமையே முதலாளியின் கட்டுப்பாட்டுக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. வீட்டில் பீடி சுற்றுவோரை 1966-ஆம் ஆண்டுச் சட்டமே தொழிலாளராக ஏற்றது. அச்சட்டம் செல்லும் என 1974-இல் தீர்ப்பும் வந்தது. பீடிக்குப் பொருந்திய நியாயம் பட்டுக்குப் பொருந்தாதா?

புதிய தொகுப்பின் முரண்பாடு இன்னும் விசித்திரமானது. 'வீட்டிலிருந்து உழைப்பவர்' என்பதற்கான விளக்கத்தில், அவர் 'முதலாளிக்காக' உற்பத்தி செய்பவர் என்றே எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுதிவிட்டு, அவரை அமைப்புசாராத் தொழிலாளர் பட்டியலில் சேர்த்து, வருங்கால வைப்பு நிதி, பணிக்காயத்துக்கான உதவி ஆகியவற்றுக்குத் திட்டம் வகுக்கும் பொறுப்பை மாநில அரசிடம் தள்ளிவிட்டார்கள். செயலி நிறுவனத்துக்கு விதித்த கட்டாயப் பங்களிப்பு, பட்டு முதலாளிக்கு இல்லை.

2020 செப்டம்பர் 23 அன்று, எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில், மாநிலங்களவை இதற்கு ஒப்புதல் அளித்தது. இந்த வரிகளைக் கேள்விக்குள்ளாக்க வேண்டியவர்கள் அன்று அவைக்கு வெளியே இருந்தனர்.

செயலித் தொழிலாளருக்கென 2025-இல் தனிச்சட்டமே இயற்றி, ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் நலநிதிக் கட்டணம் வசூலிக்க வழி செய்த கர்நாடக அரசுக்கு, விற்பனையாகும் ஒவ்வொரு பட்டுச் சேலையிலும் அதேபோல் ஒரு பங்கு கேட்பது இயலாத காரியமல்ல. பெங்களூரின் குரல் விதான சௌதாவுக்கு விரைவில் எட்டுகிறது. கொள்ளேகாலின் தறியோசைக்கு இன்னும் தூரம் இருக்கிறது.