பிறைத் தொகுதியும் தோட்டத்து ஓட்டும்

"பிறையில எலெக்ஷன் எப்படி நடந்தா நமக்கென்னாங்க? அது டவுனு. நாம தோட்டத்துல கெடக்கிறவங்க" என்று ஓர் அன்பர் நம்மிடம் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். பிறையில் இன்று பால் மரம் கிடையாது, பெரட்டுக் களம் கிடையாது, துரை பங்களாவும் கிடையாது. தொழிற்சாலைகள், அடுக்குமாடி வீடுகள், கொள்கலன் ஏற்றிய லோரிகள் இவைதாம் கண்ணில் படும். ஆனாலும் தாமான் இந்திராவாசே பக்கம் ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் "ஐயா பூர்வீகம் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு தோட்டத்தின் பெயர்தான் வாயில் வரும். அதனால்தான் இந்த வாரம் நாம் பிறைச் சட்டமன்றத் தொகுதியின் கதையை எடுத்துக்கொண்டோம். தோட்டத்து ஜனங்கள் டவுனுக்குப் போனால் அவர்களுடைய ஓட்டு என்ன ஆகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை.

செபராங் பிறை என்று இன்று சொல்கிறோமே, அதற்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் வெல்லஸ்லி மாகாணம். 1800-ல் கெடா சுல்தானிடமிருந்து கைக்கு வந்த பூமி. அங்கே முதலில் ரப்பர் இல்லை. கரும்புதான். கரும்பு வெட்ட நம்மவர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். மலாயாவில் தமிழ்க் கூலிகள் கூட்டமாகக் கால் வைத்த ஆதி இடங்களில் அதுவும் ஒன்று. பின்னால் கரும்பு போயிற்று, ரப்பர் வந்தது. ரப்பரும் போயிற்று, தொழிற்சாலை வந்தது. 1964-ல் பிறையில் ஒரு சீனி ஆலை ஓட ஆரம்பித்தது. தாத்தா கரும்பு வெட்டிய சீமையிலே பேரன் சீனி மூட்டை தூக்கினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட வேடிக்கை 1967-ல் அங்கே உற்பத்தியைத் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பாலை. அதன் உலைக்கு வேண்டிய கரி எங்கிருந்து வந்தது தெரியுமா? பால் வற்றிப்போய் வெட்டித் தள்ளிய ரப்பர் மரங்களிலிருந்து! மரமும் பிறைக்குப் போனது, மரம் சீவிய கையும் பிறைக்குப் போனது.

போனவர்கள் எல்லாரும் ஓட்டோடு போனார்களா என்றால், இல்லை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்ற சட்டம் வந்தபோது தோட்டங்களில் என்ன நடந்தது என்பது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். தங்கிவிட்டவர்களிலும் பலருக்குச் சிவப்பு ஐ.சி.தான். இந்த மண்ணிலேயே உழைத்துத் தேய்ந்த கிழவிக்கு ஓட்டில்லை. அவள் வளர்த்த பேரனுக்கு உண்டு. ஆக, ஓட்டுரிமை நமக்குத் தட்டில் வைத்துத் தந்த பண்டம் அல்ல.

சரி, ஓட்டு உள்ளவர் எப்படிப் போட்டார்? இங்கேதான் டவுனுக்கும் தோட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது.

தோட்டத்தில் தேர்தல் நாள் என்பது பாதித் திருவிழா. காலையிலே லோரி வரும். கிளைத் தலைவர் வெள்ளைச் சட்டை போட்டு முன்னால் நிற்பார். தண்டல் பேர் சொல்லிக் கூப்பிடுவார். தோட்டத்துப் பள்ளிக்கூடந்தான் சாவடி. "சீட்டுல நம்பர் இருக்கு, யாருக்குப் போட்டேன்னு ஆபீசுக்குத் தெரிஞ்சுபோகும்" என்ற பயம் ஒரு பக்கம். தனி ஆள் போட்ட ஓட்டை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் பயந்தவர்களை முழு முட்டாள்கள் என்றும் நாம் சொல்லமாட்டோம். ஏனென்றால் ஓட்டு எண்ணுவது சாவடியிலேயே என்று ஆனபிறகு, இருநூறு முந்நூறு ஓட்டுள்ள ஒரு தோட்டத்துப் பெட்டியில் எந்தக் கட்சிக்கு எத்தனை விழுந்தது என்பது அன்று இரவே தெரிந்துவிடும். ஆளைத் தெரியாது, ஆனால் தோட்டத்தைத் தெரியும். அடுத்த நாள் தண்ணீர்க் குழாய்க்கும் கோயில் கூரைக்கும் மனுக் கொடுக்கப் போகிறவனுக்கு அது போதாதா, வாயை மூடிக்கொள்ள?

டவுனில் அந்தக் கதை நடக்காது. ஒரே பள்ளிக்கூடத்தில் பல சாலுரான், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கானவர், எதிர்வீட்டுச் சீனர், மாடிவீட்டு மலாய்க்காரர், நாம் எல்லாரும் ஒரே வரிசை. சாலுரானை வயதுப்படி பிரிப்பதால் கிழவர்கள் எந்தப் பக்கம், இளசுகள் எந்தப் பக்கம் என்று வேண்டுமானால் கட்சிக்காரர்கள் கணக்குப் போடலாம். இன்ன தோட்டத்து ஆள் மாறிப் போட்டான் என்று விரலை நீட்ட முடியாது. கைக்கு ஒரு சுதந்திரம் வந்துவிட்டது. அந்தச் சுதந்திரத்தைப் பிறைக்காரர்கள் உடனே பயன்படுத்தினார்களா? இல்லை. பல காலம் பொறுத்திருந்தார்கள்.

பினாங்கில் 1969-ல் கெராக்கான் ஆட்சியைப் பிடித்தது. டாக்டர் லிம் சோங் இயூ 1990 வரை முதலமைச்சர். பிறகு டாக்டர் கோ சூ கூன். கெராக்கான் தேசிய முன்னணியில் சேர்ந்துகொண்டதனால் தொகுதிகளைக் கட்சிக்கு இவ்வளவு என்று மேலிடத்தில் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்தப் பங்கில் பினாங்கு ம.இ.கா.வுக்குக் கிடைத்தவை பிறையும் பாகான் டாலாமும். பிறையில் சீனர், இந்தியர், மலாய்க்காரர் மூவரும் கலந்து வாழ்கிறார்கள். நம்மவர் மட்டும் ஓட்டுப் போட்டு யாரும் அங்கே ஜெயிக்க முடியாது. ஆனாலும் "அது நம்ம சீட்டு" என்ற பேச்சு ஊன்றிவிட்டது. 2004-ல் தே.மு. பினாங்கின் 40 தொகுதிகளில் 38-ஐ வாரிக்கொண்டது. பிறையும் அதில் அடக்கம். நாலு வருஷத்தில் அது கவிழும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

2007 நவம்பர் 25. கோலாலம்பூர் தெருவில் ஹிண்ட்ராப் பேரணி. கண்ணீர்ப் புகை, தண்ணீர் பீய்ச்சல். டிசம்பரில் ஐந்து பேர் இ.சா. சட்டத்தில் உள்ளே. அப்புறம் மூன்றே மாதத்தில், 2008 மார்ச் 8-ல் தேர்தல். பிறையில் ஜ.செ.க. ஒரு பேராசிரியரை நிறுத்தியது: பி. இராமசாமி. தோட்டத் தொழிலாளரைப் பற்றி ஆய்வு நூல் எழுதியவர். அவரையே பிறைக்கு மேலே உள்ள பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதிக்கும் நிறுத்தினார்கள். அங்கே எதிரே நின்றவர் யார்? முதலமைச்சர் கோ சூ கூனேதான். பேராசிரியர் இரண்டிலும் ஜெயித்தார். பத்து காவானில் பெரும்பான்மை 9,485. ஜ.செ.க. நிறுத்திய 19 பேரும் சட்டமன்றம் போனார்கள். தே.மு.வில் தப்பியது அம்னோவின் 11 மட்டும். ம.இ.கா.வுக்குப் பூஜ்யம், கெராக்கானுக்கும் பூஜ்யம். இராமசாமி இரண்டாவது துணை முதலமைச்சர் ஆனார். இந்த நாட்டில் ஒரு தமிழர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அதுவே முதல் தடவை. அன்றைக்குத் தோட்டங்களிலும் பட்டாசு வெடித்தது, அதை மறைப்பானேன்?

இங்கே ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். 2008-ல் பிறைக்காரர்கள் இனத்தை மாற்றவில்லை. தமிழருக்குப் பதில் தமிழர்தான். மாற்றியது கட்சியை. "நம்ம ஆள் ஒருத்தர் உள்ளே இருக்கார், அது போதும்" என்ற பழைய பேச்சை அவர்கள் ஏற்கவில்லை. உள்ளே இருக்கிற ஆள் என்ன பேசினார் என்று கேட்டார்கள்.

புது ஆட்சிக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. 2009-ல் தீவுப் பக்கம் கம்போங் புவா பாலா, நம்மவர்கள் மாடு வளர்த்து வாழ்ந்த கிராமம், இடிபட்டது. நிலத்தைக் கைமாற்றியது பழைய ஆட்சி. இடிக்கும்போது இருந்தது புது ஆட்சி. இரண்டு பக்கமும் மாறி மாறிக் குற்றம் சொன்னார்கள். வீடு போனவனுக்கு எந்த ஆட்சி கையெழுத்துப் போட்டால் என்ன? தோட்டம் விற்றபோது நாம் பட்டது இதேதானே. அந்தக் கோபம் பிறையில் ஓட்டைப் புரட்டிப் போடும் என்று ம.இ.கா. எதிர்பார்த்தது. புரட்டவில்லை. 2013-லும் இராமசாமி, பெரும்பான்மை இன்னும் பெரிதாக. 2018-லும் அவரே. அந்த வருஷம் ராக்கெட்டைத் தேடிய கிழவிகளுக்குச் சீட்டில் கண் சின்னந்தான் கிடைத்தது, கூட்டணிக்காக ஜ.செ.க. தன் சின்னத்தை விட்டுக்கொடுத்திருந்தது. "ராக்கெட்டு எங்கப்பா போச்சு?" என்று கேட்டும் சரியாகவே போட்டார்கள் போலும்.

பதினைந்து வருஷத்தில் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் மாநில மானியம், இந்து அறப்பணி வாரியத்தின் வேலைகள் என்று நடந்தவை உண்டு. மாநிலத்தில் உள்ள 28 தமிழ்ப்பள்ளிகளுக்கும் அது சின்ன உதவியல்ல. குறை சொன்னவர்களும் உண்டு. அந்தக் கணக்கைப் பிறைக்காரர்கள்தான் தீர்க்க வேண்டும். நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

ஆனால் அவர்கள் தீர்க்க வாய்ப்பே வரவில்லை என்பதுதான் நம் வருத்தம். 2023 ஆகஸ்டு 12 மாநிலத் தேர்தலுக்கு முன் ஜ.செ.க. வேட்பாளர் பட்டியல் வந்தது. பிறைக்கு இராமசாமி பெயர் இல்லை. புது முகம் என்று சுந்தரராஜு சோமுவை நிறுத்தினார்கள். ஓட்டுப் போட இரண்டு நாள் இருக்கையில் பேராசிரியர் கட்சியை விட்டே வெளியேறினார். பிறகு உரிமை என்று தனிக் கட்சி கண்டார். எதிர்ப்பக்கம் பார்த்தால், 2022-க்குப் பிறகு தே.மு.வும் நம்பிக்கைக் கூட்டணியும் ஒரே அரசாங்கம், ம.இ.கா. அந்த ஆறு மாநிலத் தேர்தலில் எங்குமே நிற்கவில்லை. பிறைச் சீட்டில் தராசுச் சின்னத்தைக் காணோம். ஜ.செ.க.வின் புது வேட்பாளர் ஜெயித்தார், ஆட்சிக்குழுவிலும் இடம் பெற்றார். இரண்டாவது துணை முதலமைச்சர் பதவி ஜக்டிப் சிங் டியோவுக்குப் போயிற்று. தமிழருக்கு ஏன் இல்லை என்று குமுறல் எழுந்தது. எழும்தான்.

யோசித்துப் பாருங்கள். 2018-க்குப் பின் பிறைக்காரர்கள் அவரைத் தோற்கடிக்கவும் இல்லை, மறுபடி தேர்ந்தெடுக்கவும் இல்லை. பட்டியல் போட்டவர்கள் மாற்றினார்கள். பத்து காவானிலும் அப்படியே: 2013-லும் 2018-லும் பட்டுவின் மகள் கஸ்தூரி, 2022-ல் முதலமைச்சர் சௌ கோன் இயோ. எல்லாரும் ஜெயித்தவர்கள்தான். ஆனால் யார் நிற்பது என்பதில் தொகுதிக்காரனுக்குச் சொல் கிடையாது. பழைய தே.மு. காலத்துப் பங்கீடு போய்விட்டது என்றோம். பங்கீடு செய்கிற மேசை மட்டும் போகவில்லை. ஒரு கட்சி அதிகப் பலமாக இருக்கிற இடத்தில் உண்மையான தேர்தல் அந்த மேசையில்தான் நடக்கிறது. கட்சியில் உறுப்பினராகி, கிளைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கிறவனுக்கு அங்கே கொஞ்சம் காது கிடைக்கும். நம்மவரில் எத்தனை பேர் கிளைக் கூட்டத்துக்குப் போகிறோம்? டீயும் கறிபப்பும் கொடுக்கிற அன்று போகிறோம்.

இன்னொரு சங்கதி, இது தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கே. இன்று செம்பனைக் குலை வெட்டுவது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளி. அவனுக்கு ஓட்டில்லை. நம் பிள்ளைகள் பிறை மாதிரி டவுன்களுக்குப் போய்விட்டார்கள். ஆனால் ஓட்டு போனதா? 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானால் தானாகவே வாக்காளர். 2018-ல் ஏறக்குறைய 149 லட்சமாக இருந்த வாக்காளர் தொகை 2022-ல் 211 லட்சத்தைத் தாண்டியது இதனால்தான். தானாகப் பதிவது எந்த முகவரியில்? ஐ.சி.யில் உள்ள முகவரியில். தோட்டத்தை விற்று, லயத்தை இடித்து, சாமியையும் தூக்கிக்கொண்டு வந்தாகிவிட்டது, ஐ.சி.யில் மட்டும் அந்த லயத்து நம்பர் அப்படியே இருக்கிறது. பையன் பிறையில் வாடகை வீட்டில் இருப்பான், ஓட்டு கெடாவிலோ பேராக்கிலோ, இல்லாத ஒரு தோட்டத்தின் பெயரில் கிடக்கும். தேர்தல் அன்று பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் போட்டு அங்கே போவானா? பெரும்பாலும் போகமாட்டான்.

ஐ.சி.யில் முகவரியை மாற்றுவது பதிவு இலாகாவில். அதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஏற்கனவே வாக்காளராக இருப்பவர் தேர்தல் ஆணையத்திலும் தனியாக மனுக் கொடுத்துத் தொகுதியை மாற்றிக்கொள்ள வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் நடக்காது. பினாங்குச் சட்டமன்றத்தின் ஐந்தாண்டுத் தவணை 2028-ல் முடிகிறது. வீட்டில் எத்தனை ஐ.சி. இருக்கிறதோ அத்தனையையும் இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் போட்டு முகவரியைப் படித்துப் பாருங்கள். அம்மாவுடையதைக் கடைசியாகப் பாருங்கள். அதில்தான் அநேகமாகப் பழைய தோட்டத்துப் பெயர் இருக்கும்.