தெரிந்து கொள்வோம்: சீருடை போட்டவரெல்லாம் ஆமி அல்ல

"பரமட்டா ஸ்ரேசனிலை சின்னப் பெடியள் ஆமி உடுப்போடை நிக்கிறாங்கள். இஞ்சையும் பள்ளிக்கூடத்திலை இருந்து ஆமிக்கு எடுக்கிறவங்களோ?"

ஹோம்புஷுக்குப் புதிதாக வருகிற குடும்பங்கள் கேட்கிற கேள்வி இது. கேட்பதில் பிழையில்லை. சீருடையைக் கண்டால் ஒழுங்கைக்குள் மறைந்து பழகியவர்கள் நாங்கள்.

அந்தப் பிள்ளைகள் கிங்ஸ் பள்ளிக்கூட மாணவர்கள். 1831 இல் நிறுவப்பட்டு, அடுத்த வருடம் மூன்றே மூன்று மாணவர்களுடன் பரமட்டாவில் திறக்கப்பட்டது. சாம்பல் உடுப்பு, காற்சட்டையில் சிவப்புக் கோடு, அகன்ற தொப்பி எல்லாம் அந்தக் காலப் பட்டாளப் பாணி. நாட்டுப்புறப் பண்ணைகளில் இருந்து வரும் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். கடேற் பயிற்சியும் உண்டு. ஆனால் கடேற் பிள்ளைகள் இராணுவத்தினர் அல்லர். இந்நாட்டில் கட்டாய இராணுவ சேவை 1972 இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது.

உண்மையான இராணுவ விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, ஆனைமலை அடிவாரத்தில், அமராவதி அணைக்குப் பக்கத்தில் உள்ள அமராவதிநகர் சைனிக் பள்ளி அது. பாதுகாப்பு மந்திரியாக இருந்த கிருஷ்ண மேனன் 1961 இல் கொண்டுவந்த திட்டத்தின்படி 1962 இல் தொடங்கியது. வசதியான குடும்பத்துப் பிள்ளைகளே அதிகாரிகளாக வருகிற நிலையை மாற்றி, சாதாரண வீட்டுப் பிள்ளைகளையும் கடக்வாஸ்லா இராணுவக் கல்லூரிக்குத் தயார்படுத்துவது நோக்கம்.

ஆறாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குப் போட்டிப் பரீட்சை வைத்து எடுக்கிறார்கள். விடிய எழும்பி உடற்பயிற்சி, அணிவகுப்பு, பிறகு வகுப்பு, பின்னேரம் விளையாட்டு, இரவில் படிப்பு. உடுப்பு மடிப்பதும் சப்பாத்து மினுக்குவதும் பிள்ளையின் சொந்த வேலை. சைனிக் பள்ளிகளில் 2021 முதல் பெண்பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். படித்து முடித்தவர் எல்லோரும் பட்டாளத்துக்குப் போவதில்லை. டொக்டராக, எஞ்சினியராகப் போனவர்களும் உண்டு.

இரண்டு இடத்திலும் ஒரு விஷயம் பொது. பெற்றோர் தாங்களே விரும்பி விண்ணப்பித்து, கையெழுத்து வைத்துத்தான் பிள்ளையை அனுப்புகிறார்கள். எங்கள் ஊரில் எத்தனையோ தாய்மாருக்கு அந்தக் கையெழுத்தைக் கேட்க ஒருவரும் வரவில்லை.

ஆகவே, பிள்ளை ரெயினில் உங்கள் சேலைக்குப் பின்னால் ஒளிந்தால் ஏசாதீர்கள். "அதுவும் உன்னைப் போலப் பள்ளிக்கூடம் போற பிள்ளைதான்" என்று ஆறுதலாகச் சொல்லுங்கள். ஒரு நாளில் பயம் போகாது. ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும்.