கல்லில் எழுதியவரும் கணினியில் மறைத்தவரும்



டீசல் வண்டியின் மூளையை வீட்டிலேயே மாற்றி எழுதலாமாம்! மடிக்கணினியும் ஓர் இணைப்புக் கம்பியும் போதுமாம். இழுவை கூடுமாம், எண்ணெய்ச் செலவு குறையுமாம். சித்தன்னவாசலுக்குப் பயணிகளை ஏற்றிவரும் வேன் ஓட்டுநரின் காதிலும் இந்த ஆசை வார்த்தை விழுகிறது.

டீசலை எப்போது, எவ்வளவு, எந்த அழுத்தத்தில் பீய்ச்சுவது என்று எஞ்சினுக்கு ஆணையிடும் சிறு கணினி அது. தொழிலாளி அதைக் கற்கக் கூடாதா? கற்கத்தான் வேண்டும்! திருப்புளி பிடித்த கை நிரலையும் பிடிக்கட்டும். ஆனால், கடனில் வாங்கிய வண்டி அது. கணினி செத்தால் வீட்டு அடுப்பும் அணையும்.

ஆகவே, உள்ளிருக்கும் மூல நிரலைப் படியெடுத்து இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துவது முதற்கடமை. எழுதும்போது பாட்டரி தளர்ந்தால் வேலை பாதியில் நிற்கும், வண்டி கிளம்பாது. 12 வோல்ட் பாட்டரிக்கு நிலையாக மின்னூட்டும் கருவி துணை நிற்கட்டும். விளக்கும் விசிறியும் அணைந்திருக்கட்டும். கணினியின் எண்ணுக்குப் பொருந்தாத நிரலை ஏற்றவே கூடாது.

இழுவைக்காக டீசலை மிகுதியாகப் பீய்ச்சினால் பிஸ்டனும் டர்போவும் வெந்துபோகும். புகைவடிகட்டியை முடக்கும் நிரலோ நம் பிள்ளைகளின் மூச்சிலேயே கைவைக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே உண்டு.

பெருமுதலாளி மட்டும் யோக்கியனா? ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் சோதனைச் சாலையில் புகையைக் குறைத்து, நெடுஞ்சாலையில் நஞ்சைக் கக்கும் நிரலை ஒளித்து வைத்தது. 2015இல் குட்டு உடைந்தது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 இலட்சம் வண்டிகள்! அந்தச் சூழ்ச்சியைச் சிறிய அளவில் நாமும் செய்வதா?

சித்தன்னவாசல் கல்வெட்டைப் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் குடைவரையைப் புதுப்பித்து முன்மண்டபம் எடுத்த செய்தியைச் சொல்கிறது அது. செய்தது இன்னது, செய்தவர் இன்னார் என்று கல்லிலேயே எழுதி வைத்தார்கள்!

அதுவே பழுது பார்ப்பவரின் அறம். மாற்றியதை ஏட்டில் எழுது; வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் சொல். பழுதுநீக்கும் அறிவைப் பூட்டி வைக்கும் நிறுவனங்கள் பூட்டைத் திறக்கட்டும்! ஐ.டி.ஐ. தோறும் அரசு இதைக் கைப்படக் கற்பிக்கட்டும்! அறிவு தொழிலாளியின் உரிமை. ஒளிவுமறைவின்மை அவன் பெருமை.