கார் சர்வீஸ்: வண்டியின் தேவையா, டார்கெட்டின் தேவையா?

ராசிங்காபுரத்தில் கார் வைத்திருப்பவர் கம்பெனி சர்வீஸ் வேண்டுமென்றால் பெரும்பாலும் போடியைத் தாண்டித் தேனிப் பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது. காலையில் வண்டியை விட்டுவிட்டு ஊர் திரும்பினால், பதினொரு மணிவாக்கில் ஒரு போன் வரும். "சார், வண்டியைப் பிரிச்சுப் பார்த்துட்டோம். முன் பிரேக் பேட் தேய்ஞ்சிருக்கு. இன்ஜின்ல கார்பன் அடைச்சிருக்கு, கிளீன் பண்ணிடலாம். ஏசியில வாடை வருது, அதுக்கும் ஒரு ட்ரீட்மென்ட் இருக்கு. பண்ணிடலாமா?" போனை எடுத்தவர் தோட்டத்தில் நிற்பார், அல்லது கடையில் வியாபாரத்துக்கு நடுவே இருப்பார். வண்டி அவர் கண்முன் இல்லை. இருந்தாலும், பேட் எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. கொஞ்சம் தயங்கினால் அடுத்த வாக்கியம் தயாராக இருக்கும்: "மலைக்குப் போற வண்டி சார், ரிஸ்க் எடுக்காதீங்க." பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

இந்தக் கடைசி வாக்கியம் பொய்யல்ல என்பதுதான் இதில் உள்ள பெரிய சிக்கல்.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்ட வேலைக்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப்புகளும், காய் ஏற்றி இறங்கும் பிக்கப்புகளும், மூணாறு போகும் சுற்றுலாக் கார்களும் அதே சாலையில்தான் ஏறி இறங்குகின்றன. இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் பேட் சூடேறும். அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கும் போகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏறிய பழைய ஆயில் குறைந்த சூட்டிலேயே கொதித்துக் குமிழ் விடும். அப்போது பிரேக் மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. சமவெளியில் மட்டும் ஓடும் வண்டிக்கு இது அபூர்வம். நம் பகுதியில் இதை மனத்தில் வைத்துத்தான் வண்டி ஓட்ட வேண்டும். ஆகவே மலையைச் சொல்லி எச்சரிக்கும் சர்வீஸ் அட்வைசர் உள்ளதைத்தான் சொல்கிறார். ஆனால் அதே குரலில், அதே அவசரத்தோடு, தேவையில்லாத நான்கு வேலைகளையும் சேர்த்துச் சொல்கிறார். கேட்பவருக்கு எது எச்சரிக்கை, எது விற்பனை என்று பிரித்தறிய வழியில்லை.

சர்வீஸ் பில் ஒன்றை நிதானமாகப் படித்துப் பாருங்கள். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட் போன்றவை வண்டியோடு கொடுத்த கையேட்டில் கிலோமீட்டர் கணக்கோடு இருக்கும். கீழே போகப் போக வேறொரு பட்டியல் தொடங்கும்: இன்ஜின் டிரெஸ்ஸிங், டீகார்பனைசிங், ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட், உட்புற ஃபோம் வாஷ், பெட்ரோலில் கலக்கும் ஒரு பாட்டில் மருந்து. கையேட்டில் இவற்றைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. இன்ஜின் டிரெஸ்ஸிங் என்பது இன்ஜினின் வெளிப்புறத்தைப் பளபளப்பாக்கும் பூச்சு. வண்டி ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தொழிலில் இவற்றுக்கு 'வேல்யூ ஆடட் சர்வீஸ்' என்று பெயர். யாருக்கு வேல்யூ கூடுகிறது என்பதைப் பெயர் சொல்வதில்லை.

இவை எல்லாமே வீண் என்று நாம் சொல்லவில்லை. மலை மழையில் ஓடும் வண்டிக்கு அடிப்பாகத் துருத்தடுப்புப் பூச்சு உதவலாம். குழி விழுந்த சாலையில் ஓடினால் வீல் அலைன்மென்ட் பார்க்கத்தான் வேண்டும். 'வேண்டுமானால் செய்யலாம்' என்பதை 'செய்தே ஆக வேண்டும்' என்று மாற்றிச் சொல்லும் இடத்தில்தான் நேர்மை நழுவுகிறது. பிரேக் பேடையே எடுத்துக்கொள்வோம். புதிய பேட் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு வரும்போது மாற்ற வேண்டும். அந்தந்த வண்டிக்கான சரியான அளவு கம்பெனியின் குறிப்பில் உண்டு. "தேய்ஞ்சிருக்கு" என்ற சொல் எந்தப் பேடுக்கும் பொருந்தும், ஷோரூமை விட்டு வெளியே வந்த நாளிலிருந்தே அது தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று சொன்னால்தான் அது தகவல்.

அட்வைசர் என்ற தனிமனிதரை மட்டும் கூண்டில் ஏற்றுவது எளிது. நியாயமல்ல. புதுக் கார் விற்பதில் டீலருக்குக் கிடைக்கும் லாப விகிதம் குறைவு. சர்வீஸ், உதிரிபாகம், இன்சூரன்ஸ் ஆகியவைதான் கடையைத் தாங்கிப் பிடிக்கின்றன. எனவே மாத இலக்கு மேலிருந்து மேனேஜருக்கும், மேனேஜரிடமிருந்து அட்வைசருக்கும் இறங்குகிறது. சட்டையை இன் செய்து, கையில் டேப்லெட்டோடு நிற்கும் அந்த இளைஞரின் வருமானத்தில் ஒரு பகுதி, நாம் 'சரி, பண்ணுங்க' என்று சொல்வதில் இருக்கிறது. மாதக் கடைசியில் வண்டி விட்டவர்களுக்கு இது கூடுதலாகவே தெரிந்திருக்கும். இதற்கு மேல் ஒரு வேடிக்கையும் உண்டு: "கம்பெனியிலிருந்து போன் வரும் சார், பத்துக்குப் பத்து சொல்லிடுங்க." மனநிறைவை அளக்க வைத்த ஏற்பாடும் இலக்காகிவிட்டது.

ஊதியத்தை இலக்கோடு கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்தது பழைய உதாரணம், ஆனாலும் பொருந்தும். சியர்ஸ் என்ற பெரிய கடைத்தொடர் தன் வாகனப் பழுதுபார்ப்பு மையங்களில் அட்வைசர்களுக்குக் கமிஷனும், இத்தனை அலைன்மென்ட், இத்தனை ஸ்பிரிங் விற்க வேண்டும் என்ற இலக்கும் வைத்திருந்தது. புகார்கள் பெருகவே, கலிபோர்னியா மாநில நுகர்வோர் துறை தன் ஆட்களை வாடிக்கையாளர்கள் போல அனுப்பியது. அவர்கள் கொண்டுபோன கார்களில் பிரேக் தேய்ந்திருந்தது, மற்றவை நல்ல நிலையில் இருந்தன. முதல் கட்டத்தில் 38 முறை போனதில் 34 முறை தேவையற்ற வேலையைத் தலையில் கட்டினார்கள். 1992 ஜூனில் விஷயம் வெளியானதும் நிறுவனத் தலைவர் எட்வர்ட் பிரென்னன், தங்கள் ஊக்கத்தொகை முறையே தவறுகளுக்கு இடங்கொடுத்தது என்று ஒப்புக்கொண்டு, அட்வைசர்களுக்கான கமிஷனை நிறுத்துவதாக அறிவித்தார். அங்கே வேலை செய்தவர்கள் எல்லோரும் பிறவி ஏமாற்றுக்காரர்கள் என்று எவரும் சொல்லவில்லை. சம்பளக் கணக்கு அவர்களை அந்தப் பக்கம் தள்ளியது.

சந்தைப் போட்டி இதைச் சரிசெய்துவிடாதா என்று கேட்கலாம். மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரு பொருளியலாளர்கள் 1973-லேயே இதை ஆராய்ந்தார்கள். சில சேவைகளை வாங்கிய பிறகும், அது தேவைப்பட்டதா என்பது வாங்கியவருக்குத் தெரியாது. பழுதுபார்ப்பு அந்த வகை. பழைய பேடை மாற்றியபின் வண்டி நன்றாகத்தான் நிற்கும். மாற்றாமல் விட்டிருந்தாலும் நன்றாகவே நின்றிருக்குமா என்பதை எப்படி அறிவது?

போடிக்காரர்களுக்கு இதை விளக்கப் பொருளியல்கூடத் தேவையில்லை. இங்கே ஏலக்காய் மின்னணு ஏலத்தில் ஒவ்வொரு குவியலின் மாதிரியும் வாங்குபவர் கைக்கு வருகிறது. அவர் உருட்டிப் பார்ப்பார், உடைத்துப் பார்ப்பார், நிறம் ஏற்றிய காயாக இருந்தால் அனுபவப்பட்ட கண் பிடித்துவிடும். விலை எல்லோருக்கும் தெரியும்படி திரையில் ஏறுகிறது. சரக்கை மாதிரி பார்க்காமல் ஒரு பை கூட வாங்காத அதே வியாபாரி, தன் காருக்கு மட்டும் போனிலேயே சம்மதம் சொல்கிறார்.

அப்படியானால் வெளியே நம் தெரிந்த மெக்கானிக்கிடம் போகலாமே? அங்கேயும் ஒரு முடிச்சு இருந்தது. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011-இல் கொடுத்த புகாரின் பேரில் இந்தியப் போட்டி ஆணையம் கார் நிறுவனங்களை விசாரித்தது. அசல் உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல், வாடிக்கையாளரைத் தங்கள் சர்வீஸ் மையங்களிலேயே கட்டிப்போடுகிறார்கள் என்று கண்டறிந்து, 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியே வேலை பார்த்தால் வாரண்டி ஒட்டுமொத்தமாக ரத்து என்ற நிபந்தனை கூடாது, வெளியே பார்த்த தவறான வேலையால் வந்த பழுதுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் 3 நிறுவனங்கள் மீதான முடிவை உறுதிசெய்தது, அபராதக் கணக்கை மட்டும் சுருக்கியது. வழக்கு நீண்டதே தவிர, 'வெளியே பார்த்தா வாரண்டி போயிடும்' என்ற மிரட்டல் கவுன்டர்களில் இன்றும் கேட்கிறது.

வெளி மெக்கானிக் எல்லாம் சுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை மெக்கானிக்குக் கொடுக்கும் கமிஷன் நம் பில்லில்தான் ஏறுகிறது. நம் சமுதாயத்தில் ஒர்க்‌ஷாப்பும் உதிரிபாகக் கடையும் டயர் கடையும் நடத்துவோர் பலர் இருப்பதால், இந்த விவகாரத்தில் கவுன்டரின் இரண்டு பக்கமும் நாமே நிற்கிறோம். தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) கைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட நிகழ்வு ஜும்ஆ பயான்களில் நாம் அடிக்கடி கேட்டது. அங்கே வியாபாரி இருந்த குறையை மறைத்தார். இங்கே இல்லாத குறை இருப்பதாகக் காட்டப்படுகிறது. வாங்குபவரின் அறியாமையில் காசு பார்ப்பது இரண்டுக்கும் பொது. வேலைக்காகத் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளுக்குக் கைவினைஞரே பொறுப்பாளி என்று ஆரம்பகால ஃபிக்ஹ் அறிஞர்கள் பலர் தீர்ப்பளித்ததும் இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டியது. சாவியைக் கொடுத்த நொடியில் வண்டி அமானிதம் ஆகிவிடுகிறது.

நாட்டின் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஒரு சேவை தேவை என்றோ பயனுள்ளது என்றோ தவறாகச் சித்தரிப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. தெரிந்தே தகவலை மறைப்பது சேவைக் குறைபாடு. 1915 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமில்லாமல் மனுப் போடலாம், 2 ஆண்டுகளுக்குள். ஆனால் 3,000 ரூபாய் கூடுதல் பில்லுக்காக யார் தேனிக்கு நடந்துகொண்டிருப்பார்கள்? சட்டம் பயன்பட வேண்டுமானால் காகிதம் சரியாக இருக்க வேண்டும். வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் என்னென்ன வேலை, எவ்வளவு மதிப்பீடு என்று எழுதி வாங்குவதும், 'கேட்காமல் எதையும் சேர்க்கக் கூடாது' என்று அதிலேயே குறிப்பிடுவதும், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குவதும் ஐந்து நிமிட வேலை. போன் வந்தால் பேடின் படத்தையும் அளவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். நேர்மையான அட்வைசர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

இத்தனையும் பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நான்கு முறை வீண் செலவு செய்து ஏமாந்தவர், ஐந்தாவது முறை "பிரேக் ஆயில் மாத்தணும் சார்" என்று உண்மையாகவே சொல்லும்போது சிரித்துக்கொண்டு வேண்டாம் என்கிறார். 'இவனுங்க அப்படித்தான் சொல்வானுங்க' என்ற பேச்சு நம் ஊர் டீக்கடைகளில் சாதாரணமாகப் புழங்குகிறது. சமவெளி ஊரில் அந்த அலட்சியம் தப்பித்துப் போகலாம். இங்கே அந்த வண்டி அடுத்த வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு போடிமெட்டு இறக்கத்தில் வந்துகொண்டிருக்கும். பளபளப்புப் பூச்சை விற்பதற்குப் பயன்படுத்திய பயம், பயப்பட வேண்டிய இடத்தில் வேலை செய்யாமல் போகிறது.

அதனால் டீலர்களிடம் நாம் வைக்கும் கோரிக்கை சிறியது. ஃபோம் வாஷ், டிரெஸ்ஸிங் போன்றவற்றை விருப்பமுள்ளவர்களுக்கு விற்றுக்கொள்ளட்டும். பிரேக், ஸ்டியரிங், டயர் மூன்றையும் ஊக்கத்தொகைக் கணக்கிலிருந்து விலக்கி, அளந்த அளவைத் தனித் தாளில் எழுதிக் கொடுக்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை, டீலர் மனம் வைத்தால் அடுத்த மாதச் சம்பளப் பட்டியலிலேயே மாற்றிவிடலாம்.