சூளையும் கணிப்பொறியும்

கார்த்திகை தீபத்தன்று வாசலில் வரிசையாக ஏற்றி வைக்கிறோமே, அந்த அகல் விளக்குகள் எந்த ஊரில் பிறந்தவை என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? மண் அகலாயிருந்தால் பக்கத்துத் தெருக் குயவர் செய்ததாக இருக்கும். வெள்ளை வெளேரென்று பளபளக்கும் பீங்கான் அகலாயிருந்தால் அது விருத்தாசலத்துச் சூளையில் வெந்ததாக இருக்கக்கூடும். விருத்தகிரீசுவரர் கோயிலாலும் ரயில் சந்திப்பாலும் பெயர் பெற்ற அவ்வூருக்கு மூன்றாவது பெருமை அங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டை. பொம்மை, ஜாடி, தேநீர்க் கோப்பை, மின்சார ‘பியூஸ்’ கட்டை, அகல் என்று சிறு சிறு பட்டறைகளில் சரக்கு தயாராகிறது. விருத்தாசலத்துக்கு மட்டுமன்று, நல்லூர் வட்டாரம் முதலான சுற்றுப்புறங்களுக்கும் மழை பொய்த்த ஆண்டில் கைகொடுக்கக்கூடிய தொழில் இது.

மண் இருந்த இடத்தில் தொழில் வளர்ந்தது. பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்க நெய்வேலியில் 1956-ல் நிறுவனம் அமைந்தது. கரிக்கு மேலே கிடந்த மண்ணைத் தோண்டியபோது பீங்கானுக்கு ஏற்ற வெண்களிமண்ணும் கிடைத்தது. மண் இருந்தால் போதுமா? மண்ணை அரைத்துச் சலிக்க யந்திரம் வேண்டும், சூளை வேண்டும், சோதனைச்சாலை வேண்டும். சிறு முதல் போட்டவர் இவற்றையெல்லாம் தனியே வாங்க முடியாது. தனி மனிதனால் ஆகாததைப் பொதுவில் செய்து தருவது என்பதே தொழிற்பேட்டை என்ற ஏற்பாட்டின் அடிப்படை. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் அவ்வூரிலேயே இருக்கிறது. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் இதற்கு வருவோம்.

இப்போது போட்டி எங்கிருந்து வருகிறது? கோப்பைக்குப் பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும் எதிரி. பொம்மைக்குச் சீனத்துச் சரக்கு எதிரி. அகலுக்கு மின்சாரச் சரவிளக்கு எதிரி. இவ்வளவுக்கும் நடுவில் பட்டறை நடத்துகிறவரைப் பார்த்து எல்லோரும் ஒரே யோசனையைச் சொல்கிறார்கள்: ‘டிஜிட்டலுக்கு மாறுங்கள்!’ கைபேசியில் பொம்மையைப் படம் பிடித்து இணையத்தில் போட்டால் உலகமே வந்து வாங்கும் என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியைச் சொல்லாமல் விடுகிறார்களே, அதுதான் ஆபத்து. சில ரூபாய் விலையுள்ள அகலை ஒரு வீட்டுக்குத் தனியே அனுப்பினால் கூரியர் கட்டணமும் அட்டைப் பெட்டியும் அகலின் விலையைப் போல் பல மடங்கு ஆகிவிடும். பீங்கான் வழியில் உடையும். உடைந்ததைத் திருப்பி அனுப்பும் செலவும் விற்றவர் தலையில் விடியும். படம் போட்டு விற்கப் போய் முதலை இழந்தவர்கள் உண்டு.

எங்கள் அபிப்பிராயத்தில், பீங்கான் பட்டறைக்குள் டிஜிட்டல் சாதனம் முதலில் நுழைய வேண்டிய இடம் கடை அன்று, சூளை.

காரணம் சொல்லுகிறோம். பீங்கான் தொழிலில் லாப நஷ்டம் தீர்மானமாவது சூளைக்குள்ளேதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சூளையில் 2,000 உருப்படிகள் அடுக்குவதாக வைத்துக்கொள்வோம். வெடிப்பு, கோணல், கிளேஸ் கொப்புளம் என்று நூற்றுக்கு 15 கழிந்தால் 300 உருப்படி போயிற்று. கழிவை நூற்றுக்கு 8 ஆகக் குறைத்தால் 140 உருப்படி மிச்சம். மாதம் நான்கு சூளை என்றால் 560. மண்ணும் எரிபொருளும் கூலியும் முன்பு செலவானவையேதான். புதிதாக ஒரு வாடிக்கையாளரைக்கூடத் தேட வேண்டியதில்லை. பச்சை மண்ணாக இருக்கும்போது உடைந்தால் மறுபடியும் கரைத்துக் கூழாக்கலாம். வெந்தபின் உடைந்ததை அப்படிச் செய்ய முடியாது.

இந்தச் சூளையை இதுநாள்வரை ஆண்டு வந்தது சூளைக்காரரின் கண். துவாரம் வழியே எட்டிப் பார்த்து, உள்ளே தணல் செர்ரிச் சிவப்பா, ஆரஞ்சா, வெளிர் மஞ்சளா என்று நிறத்தைக் கொண்டே சூட்டைச் சொல்லிவிடுவார். வியக்கத்தக்க திறமை அது; அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் அவருக்கு வயதாகிறது. அவர் மகன் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விடுகிறான். நாற்பது ஆண்டு அனுபவம் ஒரு காகிதத்தில்கூட எழுதப்படாமல் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. பட்டறை முதலாளிக்கு இதைவிடப் பெரிய சொத்து நஷ்டம் இருக்க முடியாது. ஆனால் எந்த ஐந்தொகையிலும் இந்த நஷ்டம் ஏறுவதில்லை.

சூட்டை அளக்க வேண்டும் என்ற ஆசை நேற்று வந்ததன்று. இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற பீங்கான் தொழிலதிபர், களிமண் வில்லை சூளைக்குள் எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்து, அதிலிருந்து சூட்டைக் கணிக்கும் கருவியை 1782-ல் செய்தார். மறு ஆண்டே ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது. அறிவியல் சங்கத்தில் ஒரு குயவருக்கு நாற்காலி! பின்னர் 1886-ல் ஜெர்மானியரான ஹெர்மன் ஸேகர், குறிப்பிட்ட சூட்டில் தலை சாய்க்கும் கூம்புகளைக் கண்டுபிடித்தார். அவ்வகைக் கூம்பு இன்றும் பட்டறைகளில் வழங்குகிறது. ஆனால் அது எல்லையைத் தொட்டுவிட்டோம் என்பதை மட்டும் சொல்லும். எந்த வழியாக வந்தோம் என்பதைச் சொல்லாது.

வழியைச் சொல்வதுதான் டிஜிட்டல் கருவி. இருவேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்துச் சூளைக்குள் சொருகினால், சூட்டுக்குத் தக்கபடி அவற்றில் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். தெர்மோகப்பிள் என்பது இதுவே. அதை ஒரு டிஜிட்டல் பெட்டியில் இணைத்தால் சூடு இலக்கமாகத் தெரியும்; நிமிஷத்துக்கு நிமிஷம் பதிவாகும்; பர்னரைக் கூட்டவும் குறைக்கவும்கூட ஏற்பாடு செய்யலாம். சாதாரணக் கருவிகள் சில ஆயிரம் ரூபாயிலேயே கிடைக்கின்றன. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். மலிவான கம்பி 1,200 டிகிரிக்கு மேல் நெடுநாள் தாங்காது. பீங்கானின் உயர்ந்த சூட்டுக்குப் பிளாட்டினம் கலந்த கம்பி வேண்டும். அதன் விலை அதிகம். தெரியாமல் மலிவானதை வாங்கி, அது பொய்யான இலக்கம் காட்டி, ஒரு சூளை முழுதும் பாழான பிறகு ‘கருவியே வேண்டாம்’ என்று வெறுத்தால் அது கருவியின் குற்றமன்று.

பதிவு எதற்கு என்று கேட்கலாம். 573 டிகிரி என்ற இலக்கத்தைப் பாருங்கள். மண்ணில் கலந்துள்ள குவார்ட்ஸ் என்னும் கல், சூடேறும்போது அந்த இடத்தில் சட்டென்று விரியும். ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். அந்தக் கட்டத்தை அவசரமாகக் கடந்தால் உருப்படியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். சரக்குக்கு அவசரம் என்று இரவிலேயே சூளைக் கதவைத் திறக்கிறார்கள். காலையில் பார்த்தால் வரிசை வரிசையாக வெடிப்பு. மண் சரியில்லை என்று மண்காரர் மேல் பழி விழுகிறது. உண்மையில் குற்றவாளி அந்தக் கதவு. இரவு முழுவதும் சூடு எப்படி இறங்கியது என்ற கோடு கையில் இருந்தால் இந்த வழக்கு ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். நன்றாக வந்த சூளையின் கோட்டைப் பத்திரப்படுத்தி, அடுத்த சூளையையும் அதன்படியே நடத்தலாம். சூளைக்காரரின் கண் கண்டது அந்தக் கோட்டில் அவருக்குப் பின்னும் நிற்கும். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ‘இங்கே ஏன் பர்னரைக் குறைத்தீர்கள், ஐயா?’ என்று கேட்டு எழுதி வைப்பது கருவி வாங்குவதைவிட முக்கியம்.

சூளைக்கு அடுத்தபடி அச்சு. பீங்கான் பொம்மை செய்ய முதலில் மூல உருவம் வேண்டும். அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு. அச்சில் களிமண் கூழை ஊற்றி வார்ப்பு. நல்ல மூல உருவம் செய்யும் கைகள் அருகிவிட்டன. அதனால் ஒரே பிள்ளையார், ஒரே வாத்து, ஒரே உண்டியல் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகின்றன. அச்சும் தேய்ந்து பிள்ளையாரின் முகம் மழுங்கிவிடுகிறது. இப்போது உருவத்தைக் கணிப்பொறியில் வரைந்து, முப்பரிமாண அச்சு யந்திரத்தில் பிளாஸ்டிக் மூலமாக எடுத்துவிட முடியும். சிறிய யந்திரம் ஒரு மோட்டார் சைக்கிளின் விலைக்கும் குறைவு. இன்னொரு வசதியும் உண்டு. களிமண் காய்ந்தும் வெந்தும் சுருங்குமல்லவா? நூற்றுக்கு 12 சுருங்கும் மண்ணில் 100 மில்லிமீட்டர் உயரப் பொம்மை வேண்டுமானால் மூலம் சுமார் 114 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கணிப்பொறியில் இதற்கு ஓர் இலக்கத்தை மாற்றினால் போதும். கையில் செய்வதானால் முழுவதும் மறுபடி.

குஜராத்தின் மோர்பி நகரை உதாரணம் காட்டுகிறவர்கள் உண்டு. இந்தியாவின் தரை ஓடு, சுவர் ஓடு உற்பத்தியில் பெரும்பங்கு அங்கேதான். சலவைக்கல்லின் ரேகையையும் மரத்தின் வரியையும் ஓட்டின்மீது மை தெளித்து அச்சிடும் டிஜிட்டல் யந்திரம் 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஸ்பெயினில் தோன்றியது. பின்னர் மோர்பியிலும் பரவி அந்நகரின் முகத்தையே மாற்றியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் விருத்தாசலம் மோர்பியைக் காப்பியடிக்கப் புறப்பட்டால் அழிந்துபோகும். ஒரே ஓட்டை லட்சக்கணக்கில் அடிப்பது பெருமுதல் விளையாட்டு. சிறு பட்டறையின் பலம் ஐம்பது உருப்படிக்கும் நூறு உருப்படிக்கும் வகை மாற்றித் தரக்கூடியதில் இருக்கிறது. ஒரு கோயில் கும்பாபிஷேகத்துக்கு அந்தக் கோபுரத்தின் உருவம், ஒரு கல்யாணத்துக்குப் பெயர் பொறித்த அகல், ஒரு பள்ளிக்கூடத்துக்குத் திருவள்ளுவர் சிலை. பெரிய ஆலை இவற்றைத் திரும்பியும் பாராது. புது அச்சுக்கு முன்பு ஆகிய காலமும் செலவும் குறையுமானால் இந்தச் சிறு ஆர்டர்கள் லாபமாகும்.

இவ்வளவும் ஆனபின் விற்பனைக்கு வருவோம். கைபேசி இங்கே உதவும். ஆனால் ஒவ்வொரு அகலாக விற்பதற்கன்று. மதுரையிலும் கோவையிலும் உள்ள மொத்தக் கடைக்காரருக்கு விலையும் அளவும் குறித்த படப் பட்டியலை அனுப்பவும், சென்ற கார்த்திகையில் எந்த மாதிரி எத்தனை போயிற்று என்று கணக்கு வைக்கவும் அது சிறந்த சாதனம். மத்திய அரசு 2016-ல் துவக்கிய ‘ஜெம்’ என்ற மின்சந்தையில் பதிந்துகொண்டால் அரசு அலுவலகங்களின் ஆர்டருக்கும் போட்டியிடலாம். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் நூற்றுக்கு 25 பங்கைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று விதியிருக்கிறது. இதற்கெல்லாம் அடிப்படையான ‘உத்யம்’ பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அதற்குக் கட்டணமே கிடையாது. பதிவு செய்து தருகிறேன் என்று பணம் கேட்கும் தரகரிடம் ஏமாற வேண்டாம்.

பாக்கி வசூல் இன்னொரு தலைவலி. குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் கொடுக்க ‘சமாதான்’ என்ற இணையதளம் 2017 முதல் இருக்கிறது. இருந்தும், புகார் கொடுத்தால் வாடிக்கை போய்விடுமே என்று பலர் வாய் திறப்பதில்லை. அந்தப் பயம் நியாயமானது. அதை எந்த இணையதளமும் போக்கிவிடாது. பில்லும் தேதியும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தால், பேசும்போது குரல் சற்று உயரும். அவ்வளவே.

முன்னே சொன்ன பொது வசதிக்கு வருவோம். பிளாட்டினம் கம்பி, முப்பரிமாண யந்திரம், அதில் வரையத் தெரிந்த இளைஞர் ஆகிய இவற்றை ஒவ்வொரு பட்டறையும் தனித்தனியே வைத்துக்கொள் என்பது நடக்காத காரியம். குறு, சிறு தொழில் தொகுப்புகளுக்குப் பொது வசதி மையம் அமைக்கச் செலவில் பெரும்பங்கை மானியமாகத் தரும் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. பொதுவில் மண் அரைத்த யுகம் போய்விட்டால், பொதுவில் வரைபடம் தயாரிக்கும் யுகம் வரட்டும். பயிலகத்து மாணவர்களை ஆளுக்கொரு பட்டறைக்கு அனுப்பி, ஒரு பருவம் முழுவதும் சூளையின் சூட்டுக் கோட்டையும் கழிவுக் கணக்கையும் எழுதச் சொல்லலாம். மாணவருக்கு அது பாடம்; பட்டறைக்கு அது சம்பளமில்லாத நிபுணர். இதற்குப் புதுச் சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. பயிலகத்து முதல்வரும் பேட்டைச் சங்கத்தாரும் ஒரு மாலை உட்கார்ந்து பேசினால் போதும்.

கார்த்திகைச் சரக்கு ஆவணி, புரட்டாசிக்குள் வெந்து அடுக்கப்பட்டாக வேண்டும். ஐப்பசியில் கருவி வாங்கி அதைக் கற்றுக்கொண்டிருக்க நேரமிராது. அடுத்த ஆனி மாதத்துக்குள்ளாவது பேட்டையில் ஐந்தாறு சூளைகளில் கம்பியைச் சொருகி, முதல் கோட்டை வரைந்து பார்க்கச் சம்பந்தப்பட்டவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.