ஒரு டாலர் கூடுதல்

பந்தயம் கட்டுவோரைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. தருமபுத்திரர் பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் வேறு எப்படி இருப்பார்கள்? ஆனால் தன் அறிவையே நம்பிப் பணயம் வைப்பதும் சூதாட்டத்தில் சேருமா? அமெரிக்க டெலிவிஷனில் நடக்கும் 'ஜெபர்டி' என்ற வினாடி வினாப் போட்டியைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு இந்தச் சந்தேகம் எழுகிறது.

மெர்வ் கிரிஃபின் என்பவர் உண்டாக்கி, 1964-ஆம் ஆண்டில் அரங்கேறிய போட்டி அது. அதற்கு முந்திய பத்தாண்டில், சில போட்டியாளர்களுக்கு விடைகளை ரகசியமாகச் சொல்லிவைத்த மோசடி அம்பலமாகி, வினாடி வினா என்றாலே ஜனங்கள் முகஞ்சுளித்துக்கொண்டிருந்தனர். விடையைப் பகிரங்கமாகவே கொடுத்துவிட்டுக் கேள்வியைப் போட்டியாளர் சொல்லும்படி செய்யலாமே என்று யோசனை கூறியவர் கிரிஃபினின் மனைவியார். நல்ல யோசனைகள் பெரும்பாலும் அந்தத் திசையிலிருந்துதான் வருகின்றன!

மூன்று பேர் ஆடுவார்கள். இரண்டு சுற்றுகளில் சேர்த்த டாலர்களுடன் கடைசிக் கேள்விக்கு வருவார்கள். அங்கேதான் விசேஷம் இருக்கிறது. கேள்வி எந்தத் துறையைச் சேர்ந்தது என்பதை மட்டும் முதலில் அறிவிப்பார்கள். அதைக் கேட்டவுடன், கையிலுள்ளதில் எவ்வளவு பணயம் என்பதை ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதிவிட வேண்டும். கேள்வி பிறகுதான் வரும். யோசிக்க முப்பது விநாடி; அதற்குப் பின்னணியாக ஒரு சங்கீதம். கிரிஃபின் தம் குழந்தைக்குத் தாலாட்டாக அமைத்த மெட்டாம் அது. அதைக் கேட்டுக் கண்ணயர்ந்த போட்டியாளர் எவரும் இருக்க மாட்டார்.

2004-ஆம் ஆண்டில் கென் ஜென்னிங்ஸ் என்பவர் தொடர்ந்து 74 ஆட்டங்களில் வென்று, 25 லட்சம் டாலருக்கு மேல் சேர்த்தார். எழுபத்தைந்தாவது ஆட்டத்தில் கடைசிக் கேள்விக்கு வந்தபோது அவரிடம் 14,400 டாலர். நான்சி ஸெர்க் என்ற அம்மையாரிடம் 10,000 டாலர். அம்மையார் எல்லாவற்றையும் பணயம் வைத்து வென்றால் 20,000 ஆகும். அதைவிட ஒரு டாலர் கூடுதலாக வேண்டுமென்று ஜென்னிங்ஸ் 5,601 டாலர் கட்டினார். அம்மையார் கட்டியது 4,401. ஜென்னிங்ஸிடம் அப்போதிருந்த தொகையைக் காட்டிலும் ஒரு டாலர் அதிகமாக வருவதற்கு வேண்டியது அது. எழுபத்து நான்கு முறை வென்றவர் எழுபத்தைந்தாம் முறை தவறக்கூடும் என்று எண்ணிக் கட்டிய பணம்! அந்தத் தைரியத்தை நாம் மெச்சுகிறோம்.

எந்தக் கம்பெனியின் 70,000 பருவகால உத்தியோகஸ்தர்களில் பெரும்பாலோர் வருஷத்தில் நான்கு மாதமே வேலை செய்கிறார்கள் என்பது கேள்வி. வருமானவரிக் கணக்கு எழுதித் தரும் 'எச் அண்ட் ஆர் பிளாக்' என்பது சரியான விடை. அம்மையார் அதை எழுதினார். ஜென்னிங்ஸுக்குப் பார்சல் அனுப்பும் 'ஃபெட்எக்ஸ்' ஞாபகம் வந்தது. கணக்கில் பிழை இல்லை, விடையில்தான் பிழை. ஆயுள் முழுவதும் அவருக்கு வரிக்கணக்கை இலவசமாகப் பார்த்துத் தருவதாக அந்த வரிக் கம்பெனியார் பிற்பாடு முன்வந்தார்கள்.

2011-ல் ஓர் இயந்திரமும் இந்தச் சோதனைக்கு ஆளாயிற்று. 'வாட்ஸன்' என்ற கம்ப்யூட்டர், அமெரிக்க நகரங்களைப் பற்றிய கேள்விக்கு, கனடாவிலுள்ள டொரான்டோவை விடையாக எழுதி, பக்கத்தில் ஐந்து கேள்விக்குறிகளும் போட்டது. சரியான விடை சிகாகோ. ஆனால் அது பணயம் வைத்தது 947 டாலர்தான். ஆகையால் நஷ்டம் சொற்பம். போட்டியையும் அதுவே வென்றது. நமக்குத் தெரிந்த சில பிரசங்கிகள் ஐந்து வேண்டாம், ஒரு கேள்விக்குறியாவது போடக் கற்றுக்கொண்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

இவ்வளவையும் சொல்லிவந்தது, ஜேம்ஸ் ஹோல்ட்ஸ்ஹவர் என்பவருக்காகப் பரிந்து பேசத்தான். பந்தயமே தொழிலாகக் கொண்ட இவர் 2019-ல் 32 ஆட்டங்களை வென்றார். ஒரே ஆட்டத்தில் 131,816 டாலர் ஈட்டினார். ஜென்னிங்ஸின் மொத்தத் தொகையை எட்ட இன்னும் சுமார் 58,000 டாலரே பாக்கி. ஜூன் 3-ஆம் தேதி ஒளிபரப்பான ஆட்டத்தின் கடைசிக் கேள்வியில், பல்லாயிரக்கணக்கில் அள்ளி வீசிய அந்த மனிதர் 1,399 டாலர் மாத்திரம் கட்டித் தோற்றுப்போனார். "வேண்டுமென்றே தோற்றிருக்கிறார்!" என்று ஊரெல்லாம் பேச்சு. நம் வீட்டிலும் அப்படியே தீர்ப்பாயிற்று. நாம் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அன்று முன்னணியில் இருந்தவர் எம்மா பெட்சர் என்ற நூலகர். அவரிடம் 26,600 டாலர். ஹோல்ட்ஸ்ஹவரிடம் 23,400. மூன்றாமவரிடம் 11,000. ஹோல்ட்ஸ்ஹவர் இருமடங்காக்கினால் 46,800 ஆகும். அதைத் தாண்ட எம்மா 20,201 கட்டுவார் என்பது நிச்சயம். அவர் விடை சரியானால் ஹோல்ட்ஸ்ஹவர் என்ன கட்டினாலும் தோல்வியே. எம்மா தவறினால் 6,399-க்கு இறங்கிவிடுவார். அப்போது பயமெல்லாம் மூன்றாமவரிடந்தான். அவர் அதிகபட்சம் 22,000 வரை போகலாம். 23,400-லிருந்து 1,399 போனால் எவ்வளவு? 22,001! தம் விடை தவறினாலும் ஒரு டாலர் கூடுதலாக நிற்கும்படி கட்டியிருக்கிறார். தமக்குத் தெரிந்ததைப் பற்றிக் கர்வப்பட எவ்வளவோ காரணம் இருந்தும், தமக்குத் தெரியாமற்போகும் சந்தர்ப்பத்துக்கும் இடம் வைத்துக் கணக்குப் போட்ட மனிதரைத்தான் ஊர் சந்தேகித்தது.

கேள்வி, ஷேக்ஸ்பியர் நாடக வரி ஒன்றில் எந்த ஆசிரியரின் அகால மரணம் குறிப்பிடப்படுகிறது என்பது. மார்லோ என்று ஹோல்ட்ஸ்ஹவர் சரியாகவே எழுதினார். எம்மாவும் அதையே எழுதினார். அவர் கட்டியிருந்த தொகை, நம் காகிதத்தில் கண்டபடியே, 20,201. வினாடி வினாக் கேள்விகளில் எது கடினம், எது சுலபம் என்று முன்கூட்டிக் கணிப்பதைப் பற்றி அவர் சர்வகலாசாலையில் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியவராம். தொகை தெரிந்ததும் ஹோல்ட்ஸ்ஹவர் தம் இடத்தை விட்டு நேரே எம்மாவிடம் நடந்து சென்று, கையை உயர்த்தி, அவருடைய உள்ளங்கையில் தட்டினார்.