ஸ்ட்ரோவைத் தடை செய்தோம். குப்பையை எங்கே அனுப்புகிறோம்?

கடந்த வாரம் வயல் வேலையாகக் கரடியனாறு போயிருந்தேன். ஏறாவூரிலிருந்து போய் செங்கலடிச் சந்தியில் திரும்பி, பதுளை வீதியில் கறுத்தப் பாலத்தைக் கடந்து செல்லும் பாதை அது. கரடியனாற்றில் வீதியோரம் தயிரும் இளநீரும் விற்கும் சிறிய கொட்டில் ஒன்று உண்டு. பல வருடங்களாக அங்கே நிற்பது எனக்கு வழக்கம். அன்று மகளும் கூட வந்திருந்தாள். இளநீர் வெட்டித் தந்த சகோதரியிடம் அவள் ஸ்ட்ரோ கேட்டாள்.

அந்தச் சகோதரி வீதியை ஒரு தடவை பார்த்துவிட்டு, மேசைக்குக் கீழே இருந்த பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். பிளாஸ்டிக்தான்.

“இதத் தடை எண்டு சொன்னாங்கதானே தங்கச்சி?” என்றேன்.

“தடைதான் காக்கா. ஆனா சந்தையில கட்டுக் கட்டாக் கெடக்கு. கடதாசியில வாறது விலை கூட. செய்யிறவன விட்டுட்டு, பத்து இளநி விக்கிற என்னப் பிடிச்சு என்ன செய்யப் போறாங்க?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. வீடு வந்த பின்னும் அந்தக் கேள்வி மனதில் நின்றது. அதைக் கொஞ்சம் அலசிப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2023 பெப்ரவரியில் அமைச்சரவை முடிவெடுத்து, 2023 ஒக்டோபர் 1 முதல் ஒரு தடவை மட்டும் பாவித்து வீசும் பிளாஸ்டிக் பொருட்கள் சிலவற்றின் உற்பத்தியும் விற்பனையும் தடை செய்யப்பட்டன. உறிஞ்சுகுழல், பானம் கலக்கும் குச்சி, தட்டு, கோப்பை, கத்தி, கரண்டி, முள்ளுக்கரண்டி, பிளாஸ்டிக் பூமாலை, இடியப்பத் தட்டு ஆகியன அந்தப் பட்டியலில் அடங்கும்.

அப்போது சுற்றாடல் அமைச்சராக இருந்தவர் எமது மாவட்டத்தைச் சேர்ந்த நஸீர் அஹமட். தடை நடைமுறைக்கு வந்த ஆறாம் நாள், ஒக்டோபர் 6 ஆம் திகதி, அவரைக் கட்சியிலிருந்து நீக்கியது செல்லும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் பாராளுமன்ற ஆசனத்தை இழந்தார், அமைச்சும் போனது. அந்த நாட்களில் எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் ஆசனத்தைப் பற்றித்தான் பேச்சு. அந்தச் சட்டத்தைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

உறிஞ்சுகுழல் இவ்வளவு பெரிய விடயமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. கடலில் சேரும் மொத்தப் பிளாஸ்டிக்கில் உறிஞ்சுகுழலின் பங்கு மிகச் சிறியது. 2015 இல் கொஸ்டாரிக்காவில் ஓர் ஆமையின் மூக்கிலிருந்து உறிஞ்சுகுழலை இழுத்தெடுக்கும் காணொளி உலகமெங்கும் பரவிய பிறகுதான் இது இவ்வளவு பேசப்பட்டது. தமிழ்நாடு 2019 ஜனவரியிலும், ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலும், இந்திய மத்திய அரசு 2022 ஜூலையிலும் தடை கொண்டு வந்தன. அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் 2025 பெப்ரவரியில் எதிர்த்திசையில் போய், அரச அலுவலகங்களில் கடதாசி உறிஞ்சுகுழல் வேண்டாம் என்று கட்டளையிட்டார். எனவே இது இன்னும் முடியாத விவாதம்.

ஆனாலும் தடைக்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. பழைய போத்தல், இரும்பு வாங்க வருபவர் பிளாஸ்டிக் போத்தலை எடுப்பார், ஏனென்றால் அதற்கு விலை உண்டு. உறிஞ்சுகுழலை எவரும் எடுப்பதில்லை. பாரமில்லாத பொருள், தரம் பிரிக்கும் இடத்திலும் தவறி விழுந்துவிடும். ஐந்து நிமிடம் பாவித்து வீசியது மண்ணிலும் நீரிலும் பல தலைமுறைக்குக் கிடக்கும். சேகரிக்கவே முடியாத ஒன்றைச் செய்யாமல் விடுவதுதான் புத்தி.

அப்படியானால் தடை ஏன் கரடியனாறு வரை வந்து சேரவில்லை? நாடு தடை போடுவது இது முதல் தடவையல்ல. 2007 ஜனவரியில் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன் தடை செய்யப்பட்டது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் உயிரிழந்த பின்னர், அந்த வருடம் செப்டெம்பர் 1 இல் லன்ச் ஷீட்டும் றெஜிபோம் உணவுப் பெட்டியும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. 2021 மார்ச் 31 முதல் சிறிய சஷே பைக்கற்றுகளும் காது குடையும் பிளாஸ்டிக் குச்சிகளும் சேர்ந்தன. ஒவ்வொரு தடவையும் சில வாரங்கள் சோதனை நடக்கிறது, பத்திரிகையில் படம் வருகிறது, பிறகு பொருள் மெதுவாகத் திரும்பி வந்துவிடுகிறது. உற்பத்தி செய்யும் இடங்கள் எண்ணக் கூடியவை. விற்கும் கடைகளோ நாடு முழுக்க இருக்கின்றன. கதவை அடைக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு ஜன்னல்களில் காவல் நின்றால் இப்படித்தான் ஆகும்.

பட்டியலிலும் ஒரு வேடிக்கை உண்டு. யோகட் கரண்டிக்குத் தடை, யோகட் கப்புக்கு விலக்கு. இரண்டும் ஒரே மேசையிலிருந்து ஒரே குப்பைக் கூடைக்குத்தான் போகின்றன. எருமைத் தயிருக்குப் பெயர்போன எமது மாவட்டத்தில் இது சின்ன விடயமல்ல. கரடியனாற்றில் தயிர் மண்சட்டியில் வருகிறது. சட்டி உடைந்தால் மண்ணோடு மண். அதைச் செய்பவருக்கும் அதனால் ஒரு பிழைப்பு. அந்தச் சட்டியோடு போட்டி போடும் கப்புக்குச் சட்டம் விலக்குக் கொடுக்கிறது. இளநீர் விற்பவருக்குக் கொடுக்க எவருக்கும் தோன்றவில்லை.

இதுவரை சொன்னது அரசாங்கத்தின் குறை. எங்கள் குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

இளநீரைக் குடித்துவிட்டு அந்த உறிஞ்சுகுழலை எங்கே போடுவது என்று தேடினேன். கொட்டிலுக்குப் பின்னால் எரித்த சாம்பல் குவியல் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். குப்பை வண்டி வருமா என்று கேட்டதற்கு அந்தச் சகோதரி சிரித்தார். எரிந்து முடியாததை மாரி மழை அள்ளிக்கொண்டு வயலுக்கும் வாய்க்காலுக்கும் போகும், அங்கிருந்து வாவிக்கும் போகும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான எமது வாவி கடலோடு சேரும் வாய்கள் வருடத்தில் பல மாதங்கள் மணலால் மூடியே கிடக்கும். வெள்ளம் வந்தால்தான் முகத்துவாரம் வெட்டுவார்கள். அதுவரை உள்ளே வந்தது உள்ளேயே சுற்றும். மீனும் இறாலும் பிடித்து வாழ்பவர்களின் வலையில் அது ஏறும்.

கிராமத்துக்கு வண்டி வராவிட்டாலும், நகரத்துக் குப்பை கிராமத்தைத் தேடி வருகிறது. மட்டக்களப்பு நகரின் குப்பை முன்னர் திருப்பெருந்துறையில் கொட்டப்பட்டது. அங்கே தீப்பற்றியதும் அயலவர்கள் வீதிக்கு இறங்கியதும் பலருக்கு நினைவிருக்கும். இப்போது அது போய்ச் சேரும் கொடுவாமடு, கரடியனாற்றைப் போலவே செங்கலடிப் பிரதேசத்தில்தான் இருக்கிறது.

அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் நடந்தது இதைவிடக் கவலையானது. 2022 ஜனவரியில் அங்குள்ள குப்பைமேட்டில் இரண்டு யானைகள் இறந்து கிடந்தன. அதற்கு முந்தைய எட்டு வருடங்களில் ஏறத்தாழ 20 யானைகள் பிளாஸ்டிக்கைத் தின்று இறந்ததாக வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் படத்துடன் செய்தி வெளியிட்டன. அந்தக் குப்பை சுற்றியுள்ள ஊர்களிலிருந்து போனது. கரையோரத்தில் நெருங்கி வாழும் எமது ஊர்களுக்கும் அதில் பங்கு உண்டு. எங்களுக்குக் காணி குறைவு, சனம் அதிகம். அதனால் குப்பையை உட்புறத்துக்கு அனுப்பிவிட்டு, கண்ணுக்குத் தெரியாவிட்டால் முடிந்துவிட்டது என்று இருந்துவிடுகிறோம். காணி, எல்லை, தண்ணீர் என்று ஏற்கனவே எத்தனையோ பேசித் தீர்க்க வேண்டிய ஒரு மாவட்டத்தில், அயலவரின் வாசலில் நாம் குப்பையையும் கொண்டுபோய் வைக்கிறோம்.

தடையை ஆதரிக்கும்போது மறக்கக் கூடாத இன்னொன்று உண்டு. எனது உம்மா பாரிசவாதத்தில் படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில், வளைக்கக்கூடிய பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலால்தான் தண்ணீர் குடித்தார். கடதாசியில் வந்தது வாயில் ஊறிப் பிய்ந்து போனது. மாற்றுத்திறனாளிகள் பலருக்கும் இதே நிலைதான். இங்கிலாந்து 2020 ஒக்டோபரில் தடை செய்தபோது, தேவையானவர்கள் மருந்தகங்களில் வாங்க வழி வைத்தது. இங்கேயும் அப்படியான விலக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும். யோகட் கப்புக்கு இரங்கிய சட்டம் நோயாளிக்கும் இரங்கலாம்.

விலையின் பலத்தையும் நாம் கண்டுவிட்டோம். 2025 நவம்பர் 1 முதல் ஷொப்பிங் பேக்கை இலவசமாகக் கொடுக்க முடியாது என்றான பின், எங்கள் ஊர்க் கடைகளில் வீட்டிலிருந்து பை கொண்டு வருபவர்களைப் பார்க்கிறேன். ஒரு சில ரூபாதான் அந்த மாற்றத்தைச் செய்தது. கடதாசி உறிஞ்சுகுழலின் விலையை வரியால் குறைத்து, பிளாஸ்டிக்கை உற்பத்தி இடத்திலேயே மத்திய சுற்றாடல் அதிகார சபை நிறுத்தினால் கரடியனாற்றுக் கொட்டிலில் சோதனை போட வேண்டியிராது.

நாம் காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. ரமழான் வருகிறது. அஸருக்குப் பின் பள்ளிவாசல்களில் கஞ்சி கொடுக்கும்போதும் இப்தார் நிகழ்வுகளிலும் ஒரே மாலையில் எத்தனை பிளாஸ்டிக் கோப்பைகள், சர்பத்துக்கு எத்தனை உறிஞ்சுகுழல்கள்! ஒரே ஸஹனைச் சுற்றி இருந்து சாப்பிட்டு, கழுவி, அடுத்த பந்திக்கு வைத்த சமூகம் நாம். இன்று வலீமாக்களில் அந்த ஸஹனுக்கு மேலேயே பொலித்தீன் விரிக்கிறோம். வீண்விரயம் கூடாது என்று மத்ரஸாவில் படித்த நாங்கள்தான் இதைச் செய்கிறோம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் இந்த வருடம் ஒரு முடிவெடுக்கலாம்: கஞ்சிக்கு வீட்டிலிருந்து பாத்திரம், இப்தாருக்குக் கழுவிப் பாவிக்கும் கோப்பை, வலீமாவுக்குப் பழைய ஸஹன். இதற்கு வர்த்தமானி தேவையில்லை. பிரதேச சபை, நகர சபை உறுப்பினர்களிடம் வாக்குக் கேட்டு வரும்போது வீதியையும் மின்விளக்கையும் கேட்பது போல, குப்பையை வீட்டிலேயே பிரித்து எடுக்கும் வண்டியையும் கேட்கலாம்.

அன்று புறப்படும்போது இரண்டு சட்டி தயிர் வாங்கினேன். சட்டிகளைப் பொலித்தீன் பையில் போடப் போன சகோதரியிடம், “வேணாம் தங்கச்சி, மடியில வச்சிக் கொண்டு போறோம்” என்றாள் மகள். இனி அந்தப் பக்கம் போகும்போது வீட்டிலிருந்து இரண்டு குவளை கொண்டு போவது என்று பேசிக்கொண்டோம். இளநீரைக் குவளையில் ஊற்றிக் குடித்தால் அந்தச் சகோதரி மேசைக்குக் கீழே எதையும் ஒளித்து வைக்கத் தேவையில்லை.